கருப்பனுக்குக் காய்ச்சல்

எங்கள் வீட்டுக் குடும்ப அட்டையில் நான்கு பெயர்கள் இருக்கின்றன. ஆனால் வீட்டில் இருப்பவர்கள் ஐந்து பேர். ஐந்தாவது ஆசாமிக்கு அரிசியும் சர்க்கரையும் அளப்பதற்குச் சர்க்கார் இன்னும் சம்மதிக்கவில்லை. அதைப் பற்றி அவனும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நால்வருடைய பங்கிலிருந்தும் தனக்கு வேண்டியதை வசூல் செய்துகொள்ளும் வித்தையை அவன் நன்றாக அறிவான்.

அவன் பெயர் கருப்பன். ஜாதி நாய் அல்ல. காவேரிக் கரையில் ஒரு மழை நாளில் படித்துறை மண்டபத்தில் நடுங்கிக் கொண்டிருந்த குட்டியை என் பெண் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக் கொண்டு வந்தாள். நம் நாட்டில் நாய்க்குட்டி வந்தவுடன் டைகர், டாமி, ஜிம்மி என்று இங்கிலீஷில் பெயர் தேடுவது வழக்கம் அல்லவா? அப்படி ஒரு பெயரைத்தான் நானும் யோசித்துக் கொண்டிருந்தேன். என் தாயார், "நடுராத்திரியில் எழுந்து கூப்பிட வேண்டியிருக்கும், வாயில் நுழைகிற பெயராக வையுங்கள்" என்று சொல்லிவிட்டாள். குட்டியின் நிறத்தைப் பார்த்துக் கருப்பன் என்று அழைத்தோம். அதுவும் தன் பெயர் அதுதான் என்று உடனே ஒப்புக்கொண்டது.

ஏழு வருஷ காலம் கருப்பனைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றும் நேரவில்லை. தபால்காரரைப் பார்த்துக் குரைப்பான். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து கொள்வான். தெருக்கோடியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவருடைய நாயான ராஜாவுக்கும் அவனுக்கும் ஜன்மப் பகை. இவ்வளவுதான் அவன் சரித்திரம். சென்ற ஆண்டு புரட்டாசி மாதத்தில் அந்தச் சரித்திரம் முடிந்துவிடும் போல் இருந்தது. நாய் வளர்க்கும் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால், எங்கள் தவறு உட்பட நடந்ததை நடந்தபடியே இங்கே எழுதுகிறேன்.

* * *

தயிர் சாதம் மிஞ்சியது

முதல் அறிகுறி மிகச் சிறியது. ஒரு நாள் காலையில் வைத்த தயிர் சாதம் மத்தியானம் வரையில் தட்டிலேயே இருந்தது. கருப்பனுடைய தட்டில் ஒரு பருக்கை மிஞ்சியதை நாங்கள் அதுவரை கண்டதில்லை.

உடனே வீட்டில் வைத்திய சபை கூடியது. "வெயில் சூடு" என்றாள் என் மனைவி. "யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்றாள் அம்மா. "மூக்கு ஈரமாகத்தானே இருக்கிறது? ஈரமாக இருந்தால் காய்ச்சல் இல்லை" என்று நான் தீர்ப்புச் சொன்னேன். நாயின் மூக்கைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் உண்டா இல்லையா என்று சொல்லவே முடியாது என்பதைப் பின்னால்தான் தெரிந்து கொண்டேன். நாயின் உடம்பு இயற்கையாகவே நம் உடம்பைவிடச் சூடானது. 101 முதல் 102.5 டிகிரி வரையில் அதற்குச் சாதாரணம். அதற்கு மேல் போயிருக்கிறதா என்பதை ஆசனவாயில் வெப்பமானி வைத்துத்தான் அறிய வேண்டும்.

மறுநாள் கருப்பன் எழுந்திருக்கவே பிரியப்படவில்லை. கால்களை எடுத்து வைக்கும்போது மூட்டு வலி கண்ட கிழவனைப் போல் தயங்கினான். எனக்கு மனம் கேட்கவில்லை. நம் வீடுகளில் எல்லாம் அலமாரியில் ஒரு மாத்திரைப் பெட்டி உண்டு. அதில் என் முதுகு வலிக்காக வைத்திருந்த இபுபுரூபன் மாத்திரை ஒன்று இருந்தது. மனிதனுக்கு ஒன்று என்றால் நாய்க்குப் பாதி என்று ஒரு கணக்குப் போட்டேன். பாதியை உடைத்து வெல்லத்தில் பொதிந்து கொடுத்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

அன்று இரவு இரண்டு மணிக்கு என் பெண் என்னை எழுப்பினாள். "அப்பா, கருப்பன் மூக்கிலிருந்து ரத்தம் வருகிறது" என்றாள். கூடத்து விளக்கைப் போட்டேன். வெள்ளைத் தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம். அதன் நடுவே அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். தரையை அசிங்கம் செய்துவிட்டோமே என்று வெட்கப்படுகிறவனைப் போல் எங்களைப் பார்த்து வாலை மெள்ள ஒரு முறை ஆட்டினான். நான் உடைத்துக் கொடுத்த பாதி மாத்திரை என் ஞாபகத்துக்கு வந்தது.

* * *

டாக்டரம்மாள் கேட்ட கேள்வி

பொழுது விடிந்ததும் வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். அங்கே இருந்த டாக்டரம்மாளுக்கு முப்பது வயது இருக்கலாம். அவர் முதலில் கருப்பனுடைய மேல் உதட்டைத் தூக்கி ஈற்றைப் பார்த்தார். ரோஜா நிறமாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்த காகிதம் போல் இருந்தது. வயிற்றின் தோலில் குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. காய்ச்சல் 104.6 டிகிரி. பிறகு காது மடலைத் திருப்பினார். உள்ளே மடிப்பில் மொச்சைக் கொட்டை போல் உப்பி ஓர் உண்ணி ஒட்டிக் கொண்டிருந்தது. கால் விரல்களுக்கு இடையில் இன்னும் இரண்டு.

ரத்தத்தைச் சோதித்தார்கள். ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் நாய்க்கு ஒரு மைக்ரோலிட்டரில் சுமார் 2 லட்சம் முதல் 5 லட்சம் வரையில் இருக்க வேண்டுமாம். கருப்பனுக்கு இருந்தவை 18,000. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு 37-க்குக் குறையக் கூடாது. கருப்பனுக்கு 13.

"வேறு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா?" என்று டாக்டரம்மாள் கேட்டார்.

என் மனைவி, "ஒன்றும் கொடுக்கவில்லை" என்றாள். அவள் அறிந்தவரையில் அது உண்மை. என் பெண் நாயின் தலையைத் தடவிக் கொண்டிருந்தாள். பொய் சொல்வதற்கு அதைவிட வசதியான சந்தர்ப்பம் கிடைக்காது. ஆனால் மேஜை மேல் கிடந்த பிராணியைப் பார்த்தபோது வாய் வரவில்லை.

"நான் கொடுத்தேன்" என்று சொன்னேன். மாத்திரையின் பெயரையும் அளவையும் வேளையையும் சொன்னேன்.

டாக்டரம்மாள் என்னைக் கோபித்துக் கொள்ளவில்லை. "சொன்னது நல்லதாயிற்று. இந்த மாத்திரை நாயின் வயிற்றில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். மிச்சமிருக்கிற தட்டணுக்களையும் வேலை செய்ய விடாது. அதற்கும் சேர்த்து வைத்தியம் செய்ய வேண்டும். நீங்கள் மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது" என்றார்.

நேயர்களுக்கு இந்த ஒரு விஷயத்தை வற்புறுத்திச் சொல்கிறேன். மனிதர்களுடைய வலி மாத்திரைகளும் காய்ச்சல் மாத்திரைகளும் நாய்க்கு ஆகாதவை. இபுபுரூபன் ஆகாது, பாரசிட்டமாலும் அளவு மீறினால் நஞ்சு. பூனைக்கோ பாரசிட்டமால் ஒரு மாத்திரைகூட யமன். அப்படியும் யாராவது கொடுத்துவிட்டால், வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நம் மானத்தைவிட அந்தப் பிராணியின் உயிர் பெரிது.

* * *

உண்ணிக் காய்ச்சலின் கதை

கருப்பனுக்கு வந்த நோயை நம் பக்கத்தில் 'உண்ணிக் காய்ச்சல்' என்கிறார்கள். அதற்குக் காரணமான கிருமிக்குச் சாஸ்திரீயப் பெயர் எர்லிக்கியா கேனிஸ். அல்ஜீரியா தேசத்தில் 1935-ஆம் ஆண்டில் டோனாஷியன், லெஸ்டோகார் என்னும் இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் உண்ணி மொய்த்த நாய்களின் ரத்தத்தில் முதன்முதலாக இதைக் கண்டுபிடித்தார்கள். பின்னால் 1945-ல், 1908-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற பால் எர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞரின் நினைவாக இப்பெயர் ஏற்பட்டது. ரத்தத்தின் வெள்ளையணுக்களுக்குள்ளேயே புகுந்து குடியிருப்பது இந்தக் கிருமியின் வழக்கம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் வெள்ளையணுவுக்குள் முசுக்கொட்டைப் பழம் போல் கொத்தாகத் தெரியுமாம். திருடன் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே குடித்தனம் வைப்பதற்கு ஒப்பான காரியம் இது!

நெடுங்காலம் இந்த நோயை உலகம் பெரிதாக மதிக்கவில்லை. வியட்நாம் யுத்தத்தின்போது, 1968-ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்கப் படையுடன் போயிருந்த ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் மூக்கில் ரத்தம் வடிந்து ஒன்றன்பின் ஒன்றாக மாண்டன. நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் அப்படி இறந்த பிறகுதான் தீவிரமாக ஆராய்ச்சி செய்தார்கள். அல்ஜீரியாவில் கண்ட அதே கிருமிதான் என்று தெரிந்தது. எதிரியின் குண்டுக்குத் தப்பிய நாய்கள் ஓர் உண்ணிக்குத் தப்பவில்லை.

நம் நாட்டில் இந்த உண்ணிக்குப் பஞ்சமே இல்லை. பழுப்பு நிறமான நாய் உண்ணி உஷ்ணப் பிரதேசங்களில் எல்லாம் வாழ்வது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு ஒரு நாயைக் கடித்து ரத்தம் குடிக்கும், கீழே விழுந்து தோல் உரித்து வளரும், மறுபடி ஏறும். இப்படி மூன்று பருவத்திலும் மூன்று முறை ஏறி இறங்கும். நோயுள்ள நாயைச் சிறு பருவத்தில் கடித்த உண்ணி அடுத்த பருவத்தில் இன்னொரு நாய்க்கு அந்த நோயைக் கொண்டு போகிறது. ஆனால் தாய் உண்ணியின் முட்டை வழியாகக் குஞ்சுக்குக் கிருமி போவதில்லை என்பது ஓர் ஆறுதல்.

கடிபட்ட 8 நாள் முதல் 20 நாளைக்குள் காய்ச்சல் காண்கிறது. பசி போகிறது, கழுத்திலும் முழங்காலுக்குப் பின்னும் நெறி கட்டுகிறது. சில நாய்கள் தாமாகவே தேறியது போல் தோன்றும். அதுதான் பெரிய மோசம். கிருமி உள்ளேயே பதுங்கிக் கொண்டு மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் காத்திருக்கும். பிறகு ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையையே கெடுத்துவிடும். அந்த நிலையை அடைந்த நாயைப் பிழைக்க வைப்பது கடினம்.

ஆறு மாதத்துக்கு முன் கருப்பன் மூன்று நாள் மந்தமாகக் கிடந்து தானே எழுந்து ஓடியது அப்போதுதான் எங்கள் ஞாபகத்துக்கு வந்தது.

"அப்படியானால் மஜ்ஜை கெட்டிருக்குமா?" என்று என் பெண் கேட்டாள்.

"கெட்டிருக்கலாம், கெடாமலும் இருக்கலாம். மருந்து கொடுத்து ஐந்தாறு நாளில் தெரியும். மருந்து டாக்ஸிசைக்ளின், விலை அதிகம் இல்லை. ஆனால் அது வேலை செய்யும்வரையில் இவனுக்கு ரத்தம் போதாது. வேறு நாயின் ரத்தம் ஏற்ற வேண்டும்" என்றார் டாக்டரம்மாள்.

* * *

எதிரியின் ரத்தம்

மனிதனுக்கு மனிதன் ரத்தம் கொடுப்பதற்கு முன்பே நாய்க்கு நாய் கொடுத்திருக்கிறது. ஆக்ஸ்போர்டு நகரில் 1665-ஆம் ஆண்டில் ரிச்சர்டு லோயர் என்னும் வைத்தியர் ஒரு நாயின் ரத்தத்தை இன்னொரு நாய்க்கு ஏற்றிப் பிழைக்க வைத்தார். நமக்கு இருப்பது போலவே நாய்களுக்கும் ரத்த வகைகள் உண்டு. ஆயினும் முதல் தடவை ஏற்றும்போது பெரும்பாலும் விபரீதம் நேருவதில்லை. அப்படியும் இரண்டு ரத்தத்தையும் கலந்து பார்த்து, ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துகொண்டுதான் ஏற்றுகிறார்கள். கொடுக்கும் நாய் ஆரோக்கியமாக இருக்க வேண்டும். தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும். எடை 25 கிலோவுக்குக் குறையக் கூடாது. அதனிடம் இந்த உண்ணிக் காய்ச்சலே இருக்கக் கூடாது.

இவ்வளவு லட்சணங்களும் பொருந்திய நாய் எங்கள் தெருவில் ஒன்றே ஒன்றுதான். அது ராஜா!

இஸ்திரிக்காரரிடம் போய் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வண்டியருகில் நின்றேன். போன தையில்தான் கருப்பன் ராஜாவின் காதைக் கடித்திருந்தான். தையல் போட்ட செலவை நான் கொடுக்கப் போனபோது அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுத் துணிகளை மாத்திரம் கொஞ்சம் தாமதமாகத் தேய்த்துக் கொடுப்பது வழக்கமாயிருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"ராஜாவுக்கு வலிக்குமா சார்?"

"ஊசி குத்துகிற வலிதான் என்கிறார்கள். ஒரு கால் மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டுமாம்."

"நான் தலையைப் பிடித்துக்கொண்டால் அசைய மாட்டான்" என்றார். வண்டியின் மேல் படுதாவை இழுத்து மூடினார்.

கல்லூரி ஆஸ்பத்திரி எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பிரயாணம். ஒரே காரில் இரண்டு எதிரிகளும் போனார்கள். முன் சீட்டில் ராஜா. பின் சீட்டில் என் பெண்ணின் மடியில் கருப்பன். வழக்கமான நாளாக இருந்தால் கார் கவிழ்ந்திருக்கும். அன்று கருப்பன் தலையைத் தூக்கவில்லை. ராஜா மட்டும் இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்த்தது. பகையாளி குரைக்கவில்லையே என்று அதற்கும் ஆச்சரியம் போலும்!

ராஜாவைச் சோதித்தார்கள், ரத்தம் பொருந்தியது. 450 மில்லிலிட்டர் கொள்ளும் பை ஒன்று நிரம்பியது. அவ்வளவு நேரமும் இஸ்திரிக்காரர் தம் நாயின் காதில் ஏதோ ரகசியம் பேசிக்கொண்டிருந்தார். முடிந்ததும் நான் பணம் எடுத்தேன். அவர் கையை ஆட்டிவிட்டு, "உண்ணிக்கு ஒரு மாத்திரை உண்டு என்று அந்த அம்மா சொன்னாங்களே, அது ஒன்று ராஜாவுக்கு வாங்கிக் கொடுங்க சார். போதும்" என்றார்.

* * *

நான்கு நாய் வாங்கலாமே!

உறவினர் ஒருவர் அந்த வாரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கூடத்தில் கம்பளி மேல் கருப்பன் படுத்திருப்பதையும், சுவரில் என் பெண் ஒட்டியிருந்த மருந்து அட்டவணையையும் பார்த்தார். செலவு எவ்வளவு என்று விசாரித்தார். "இந்தப் பணத்தில் நான்கு நாய் வாங்கலாமே! அதுவும் தெரு நாய்க்கு!" என்றார்.

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எத்தனையோ குடும்பங்களில் மனிதருக்கே வைத்தியம் பார்க்கப் பணம் இல்லாத தேசம் இது. எங்கள் வீட்டிலும் அந்தத் தீபாவளிக்குப் புதுத் துணி வேண்டாம் என்று தீர்மானித்த பிறகுதான் கணக்குச் சரிக்கட்டியது. நாய் வைத்தியம் பணக்காரருடைய விளையாட்டு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ஆனால் சென்னை வேப்பேரியில் கால்நடை வைத்தியக் கல்லூரி ஏற்பட்டது 1903-ஆம் ஆண்டில். நூற்றிருபது வருஷத்துக்கு மேலாகப் பேசாத பிராணிகளின் நோயைப் படித்துத் தெரிந்துகொள்ளும் சாஸ்திரம் நம்மிடையே இருக்கிறது. ஏழு வருஷம் வாசலில் காவல் கிடந்த ஒரு ஜீவனுக்காக அதை உபயோகிப்பது வீண் ஆடம்பரம் ஆகுமா?

இதையெல்லாம் நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "தர்மபுத்திரர் சொர்க்கத்து வாசல் வரையில் போய், கூட வந்த நாயை விட்டுவிட்டு உள்ளே வரமாட்டேன் என்றார் அல்லவா? அது என்ன ஜாதி நாய் என்று யாராவது கேட்டார்களா?" என்றாள். உறவினர் காப்பியைக் குடித்துவிட்டு வேறு விஷயம் பேசலானார்.

* * *

இருபத்தெட்டு நாள்

டாக்ஸிசைக்ளின் மருந்தை நாயின் எடையில் கிலோ ஒன்றுக்கு 10 மில்லிகிராம் வீதம் 28 நாள் கொடுக்க வேண்டும் என்பது பொதுவான முறை. அளவை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். ஆகையால் ஆகாரத்துக்குப் பிறகே கொடுக்க வேண்டும். பாலிலும் தயிரிலும் கலந்து கொடுக்கக் கூடாது. சுண்ணாம்புச் சத்து மருந்தை உடம்பில் சேர விடாமல் தடுக்கும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று பத்தாம் நாள் நிறுத்திவிடுவது பெரும் பிசகு. பதுங்கியிருக்கும் கிருமிக்கு அது வாய்ப்பாகப் போகும்.

சாப்பிடாத நாய்க்கு ஆகாரத்துக்குப் பிறகு மருந்து கொடுப்பது எப்படி? தயிர் சாதம் விலக்காகிவிட்டது. வேக வைத்த முட்டையைக் குழைந்த சாதத்துடன் பிசைந்து கொடுக்கும்படி டாக்டரம்மாள் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் முட்டை வாசற்படி தாண்டியதில்லை. அம்மா சிறிது யோசித்தாள். "கொல்லைக் கிணற்றடியில் தனி அடுப்பு வைத்துக் கொள்ளுங்கள். அந்தச் சமயத்தில் நான் கோவிலுக்குப் போயிருப்பேன்" என்றாள். அந்த 28 நாளும் அம்மாவுக்குக் கும்பேசுவரரிடம் பக்தி அதிகரித்திருந்தது.

கவளத்தை விரல் நுனியில் எடுத்து என் மனைவி அவன் நாக்கில் தடவுவாள். முதல் இரண்டு நாள் அதையும் துப்பினான். ஈற்றில் ரத்தம் கசியாதிருக்க எலும்பு, ரொட்டி போன்ற கடினமான பண்டம் எதுவும் கொடுக்கவில்லை. வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும் என்பதால் எங்கள் மிச்சம் மீதி எதுவும் அவன் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டோம். மூக்கில் ரத்தம் வரும் போதெல்லாம் பதறாமல், அவனை அசையாமல் படுக்க வைத்து, மூக்குத் தண்டின் மேல் ஐஸ் சுற்றிய துணியை ஒற்றினோம். பஞ்சை உள்ளே திணிப்பது கூடாது.

காலையிலும் மாலையிலும் காய்ச்சல் எவ்வளவு, ஈறு என்ன நிறம், எத்தனை கவளம் உள்ளே போயிற்று, சிறுநீரில் சிவப்பு உண்டா, மலம் கறுத்திருக்கிறதா என்று என் பெண் எழுதி வைத்தாள். ஈற்றை விரலால் அமுக்கி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். அதையும் எண்ணினாள். அரைப் பரீட்சை நெருங்கியிருந்த சமயம். கணக்குப் புஸ்தகத்தின் பின் அட்டையில்தான் கருப்பனுடைய கணக்கும் இருந்தது.

நான்காம் நாள் சோதனையில் தட்டணுக்கள் 16,000 ஆகக் குறைந்திருந்தன. டாக்டரம்மாள் என்னையும் என் மனைவியையும் தனியே கூப்பிட்டார். "இன்னும் இரண்டு மூன்று நாள் பார்க்கலாம். ஏறவில்லை என்றால் மஜ்ஜை கெட்டுவிட்டது என்றுதான் நினைக்க வேண்டியிருக்கும். அப்போது அவன் மூச்சுக்குத் திணறினாலோ, வேதனைப்பட்டாலோ, வலி தெரியாமல் உறங்க வைத்து முடித்துவிடுவதைப் பற்றியும் நீங்கள் யோசிக்க வேண்டும். பெண்ணிடம் மறைக்காதீர்கள்" என்றார்.

அன்று மாலை அவளிடம் சொன்னோம். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வெகுநேரம் கழித்து, "அவனுக்குப் போதும் என்று நமக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. டாக்டரம்மாள் சொல்லிக் கொடுத்த கேள்விகளைச் சொன்னோம்: சாப்பிடுகிறானா? வலியில்லாமல் தூங்குகிறானா? மூச்சு சீராக வருகிறதா? நம்மைக் கண்டால் அவன் முகத்தில் ஏதாவது தெரிகிறதா? நல்ல நாளைவிடக் கெட்ட நாள் அதிகமாகிவிட்டதா? அவள் தன் அட்டவணையில் இன்னும் ஒரு கட்டம் வரைந்து, 'வால்' என்று தலைப்பு எழுதினாள். அன்றைய கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள்.

அந்தப் பாதி மாத்திரையைப் பற்றியும் அப்போதுதான் அவளிடம் பேச முடிந்தது. வைத்தியசாலையில் கேட்டிருந்தாளே தவிர, அதுவரையில் அவள் அதை எடுத்துப் பேசவில்லை. "உங்களுக்குத் தெரியாதே அப்பா" என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

ஆறாம் நாள் சாயங்காலம். தெருவில் ராஜா யாரையோ பார்த்து இரண்டு முறை குரைத்தது. கம்பளியின் மேல் ஏதோ உறுமுவது போல் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தோம். கருப்பன் கழுத்தைத் தூக்கி, காதை நிமிர்த்தி, வாசல் பக்கம் பார்த்து உறுமிக் கொண்டிருந்தான்! தன் உடம்பில் ஓடுவது யாருடைய ரத்தம் என்ற நன்றி அவனுக்கு எள்ளளவும் இல்லை. எங்கள் வீட்டில் அதற்கு முன் எந்த நல்ல குணத்துக்காகவும் அவனை அவ்வளவு கொண்டாடியது கிடையாது. என் பெண் ஓடிப்போய் அட்டவணையில் எழுதினாள்.

மறுநாள் தட்டணுக்கள் 41,000. பதினைந்தாம் நாள் 1,30,000. நோய் முற்றிலும் மஜ்ஜையைத் தின்னும் முன்பே மருந்து போய்ச் சேர்ந்துவிட்டது.

* * *

சுவரில் இருக்கும் எதிரி

நாயைப் பார்த்தாயிற்று, வீட்டைப் பார்க்க வேண்டாமா? உண்ணி தன் ஆயுளில் பெரும் பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. சுவர் வெடிப்பிலும் நிலைப்படி இடுக்கிலும் நாய் படுக்கும் கோணியின் மடிப்பிலும்தான் கழிக்கிறது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வளர்ந்த உண்ணி மாதக்கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்க வல்லது. எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் காரை பெயர்ந்திருந்தது. டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தபோது உள்ளே எள்ளை இறைத்தது போல் இருந்தது. கொத்தனாரை அழைத்து வெடிப்புகளை அடைத்தோம், கோணியை எரித்தோம், வைத்தியர் சொன்ன மருந்தைத் தெளித்தோம்.

நாயின் மேல் உண்ணியைக் கண்டால் விரலால் நசுக்கக் கூடாது. நாயைத் தொடுவதால் இந்தக் காய்ச்சல் நமக்கு வராது. ஆயினும் மனிதருக்கு வேறு நோய்களைக் கொண்டுவரும் உண்ணிகளும் உண்டு. சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போட்டுவிட வேண்டும். கடித்த சில மணி நேரத்துக்குள்ளேயே கிருமி ஏறிவிடக்கூடும் என்பதால், வாரம் ஒரு முறை பார்த்தால் போதாது. தினமும் பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ கொடுக்கும் மாத்திரைகளும், கழுத்துப் பட்டைகளும் இப்போது கிடைக்கின்றன. நாய்க்கான சில உண்ணி மருந்துகள் பூனைக்கு விஷம்; பூனையும் வளர்ப்பவர்கள் கேட்டு வாங்க வேண்டும். இந்தக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி கிடையாது. ஒரு முறை வந்து தேறிய நாய்க்கும் மறுபடி வரலாம்.

கருப்பன் இப்போது சௌக்கியமாக இருக்கிறான். முன்பு போல் ஓடுவதில்லை, முகவாய்க்கட்டை நரைத்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனைக்குப் போகிறோம். ராஜாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பது என் பொறுப்பாகிவிட்டது. எங்கள் துணிகள் சொன்ன நேரத்தில் வந்து விடுகின்றன. நாய்கள் இரண்டும் வழக்கம் போல் ஒன்றையொன்று பார்த்துக் குரைத்துக் கொள்கின்றன.

அலமாரியில் இருக்கும் மாத்திரைப் பெட்டியின் மேல், 'மனிதருக்கு மட்டும்' என்று நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, தினமும் கருப்பனைத் திண்ணையில் படுக்க வைத்து, விளக்கடியில் காது மடிப்பு, கழுத்துப் பட்டையின் அடி, அக்குள், கால் விரல் இடுக்கு என்று வரிசையாகப் பார்க்கிறேன். ஐந்து நிமிஷ வேலைதான். உங்கள் வீட்டிலும் நாய் இருந்தால், இந்தப் பத்திரிகையை மடித்து வைத்தவுடன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.